ஒளித்து வைக்காத பிளேட்டு

பேத்தி கல்யாண மேடையில் பாடகி மைக்கை இறக்கித் தண்ணீர் குடித்தாள். பாட்டு நிற்கவில்லை.

சங்கரன்கோவிலில், என் சின்ன வயதில் நடந்த அக்கா கல்யாணம் நினைவுக்கு வந்தது. சினிமாப் பாட்டுக்கு உள்ளூர் சுடலையின் கோஷ்டி. அச்சு அசல் சினிமாவில் கேட்ட அதே குரல். மல்லிகை மணத்தோடு புகையிலை வாடையும் வீச, பெரியப்பா எழுந்தார்.

"இவன் வாயைத்தான் அசைக்கான். எங்கனயோ கிராமபோன் பிளேட்டு ஓடுது."

ஜமுக்காளத்தைத் தூக்கிப் பார்த்தார். ஆர்மோனியத்துக்குப் பின்னாலும் தேடினார்.

"நெசமா நாந்தான் பாடுதேன் அண்ணாச்சி" என்ற சுடலை, நம்பவைப்பதற்காகவே அடுத்த பாட்டில் ஒரு வரியைத் தப்பாகப் பாடினார்.

"இப்ப நம்புதேன்" என்றார் பெரியப்பா. "ஆனா தப்பால்லா பாடுதான். அடுத்த கல்யாணத்துக்குப் பிளேட்டே வச்சிருவோம்."

ஊரும் அப்படியே செய்தது.

பாடகி டம்ளரைக் கீழே வைத்துக் கும்பிட்டாள். மண்டபமே கைதட்டியது.