பத்து அங்குலத் திரையும் முந்திரி உடைத்த விரல்களும்

காலை 9.10. பெரம்பலூர் புதிய பேருந்து நிலையம். ஜெயங்கொண்டத்தில் எனக்கு மதியம் அரை மணி நேர வேலை. டீக்கடையில் பேச்சுக் கொடுத்த செல்வராசு, தன் காரிலேயே வரச் சொன்னார். பத்து வருடம் ஓட்டிய அந்தக் காரை அங்கே ஒருவரிடம் காட்டி விற்கப் போகிறார். இன்று விற்றால்தான் நாளை புதுக் கார் எடுக்க முடியும்.

காரின் வயதுக்குச் சற்றும் பொருந்தாமல் நடுவில் ஒரு தொடுதிரை. திருச்சியில் பதினான்காயிரம் கொடுத்து மாட்டியது.

“பாட்டு, மேப்பு, பின்னாடி கேமரா, எல்லாம் இதுக்குள்ளதான் சார். இதைக் காட்டியே பதினஞ்சு கூடக் கேப்பேன்.”

“முன்னாடி இருந்த செட்?”

“சத்தம் கூட்டக் கொறைக்க ரெண்டு திருகு வச்ச டப்பா சார். டிக்கில கெடக்கு. கேட்டா அதைச் சும்மாவே குடுத்துடலாம்.”

9.55. அரியலூர். சுமார் முப்பது கிலோமீட்டர். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். திரையில் படிந்த தூசியைச் செல்வராசு துண்டால் துடைத்தார். பாட்டு மாறியது, வரைபடம் திறந்தது, கடைசியில் யாருக்கோ போன் போனது.

“தெரியாம பட்டுருச்சு மாமா. வச்சிடறேன்.”

11.00. ஜெயங்கொண்டம். காரை வாங்க வந்தவர் ராணி. ஐம்பது வயதிருக்கும். முந்திரி உடைக்கும் கொட்டகை நடத்துகிறார். அவரும் உட்கார்ந்து உடைப்பவர்தான். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்துக் காய்த்திருந்தன. வண்டியை ஓட்டிப் பார்க்க ஏறியவர், பக்கத்தில் உட்கார்ந்தால் பேசியே ஓட்டவிட மாட்டார் என்று செல்வராசுவைப் பின்னால் அனுப்பினார். முன்னிருக்கை எனக்கு. போகும் முன் செல்வராசு, துண்டு பட்டாலே திரை வேலை செய்யும் என்று பெருமையடித்து, தரம் தெரியட்டும் என்று பாட்டின் சத்தத்தை முழுதாக ஏற்றிவைத்தார்.

கடைவீதியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தத்தைக் குறைக்க ராணி திரையைத் தொட்டார். அழுத்தினார். பிறகு குத்தினார்.

“மெதுவாத் தொடுங்கக்கா!”

“தொட்டுக்கிட்டுத்தானப்பா இருக்கேன்! துண்டு பட்டாலும் வேல செய்யும்னியே!”

நான் உதவப் போய் எதையோ தொட்டேன். பின்பக்கக் கேமரா வந்தது. திரை முழுக்க ஒரு லாரியின் முகம். வெகுநேரமாக ஹாரன் அடித்திருக்க வேண்டும், எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

ராணி ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினார்.

“ரேஷன் கடை மெஷினே என் வெரல எடுக்காது தம்பி. கண்ணக் காட்டித்தான் அரிசி வாங்குறேன். இதுக்கும் கண்ணக் காட்டுனா ரோட்ட யாரு பாக்குறது?”

நாளைய கார் கைவிட்டுப் போவது செல்வராசுவின் முகத்தில் தெரிந்தது. இறங்கி டிக்கியைத் திறந்து, கோணியில் சுற்றிய பழைய செட்டை எடுத்துவந்தார். ராணி மின்சாரமில்லாத அந்தப் பெட்டியின் திருகு குமிழ்களை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். டக் டக் என்றது.

“இதை மாட்டிக் குடு, வண்டிய எடுத்துக்கறேன். பதினஞ்செல்லாம் கெடையாது. அந்த டிவிய நீயே கொண்டுபோ.”

மாலை 3.40. அரியலூர் பேருந்து. செல்வராசுவின் மடியில் கோணியில் சுற்றிய திரை.

“புது வண்டில மாட்டிடலாமே?” என்றேன்.

“அதுல கம்பெனிக்காரனே இதைவிடப் பெருசா வச்சிருக்கான் சார். கழட்டவும் முடியாது. ஏசி கூடத் தொட்டுத்தான்.”

பேருந்தில் பாட்டு அலறியது. கண்டக்டர் ஏதோ கத்தினார். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டுநர் இடது கையை நீட்டி ஒரு குமிழைத் திருகினார். பாட்டு அடங்கியது.

அரியலூர் வரை செல்வராசு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.