வழியாகப் போகும் வண்டி

பம்பாய் வந்த மூன்றாம் நாள், தாராவியில் ஒரு தையல் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். பட்டறைக்காரி செல்வி எங்கள் ஊர்ப் பக்கம் மனை வாங்கி, தொழிலை அங்கே மாற்றப் பார்க்கிறாள். மேசையில் மனை வரைபடமும் ஒப்பந்தத் தாளும்.

"நாலுவழிச்சாலை, ரயிலு எல்லாம் பக்கத்துலதாம்மா," என்று பேனாவை நீட்டுகிறார் தரகர். ஊர்க்காரன் சொன்னால் நம்புவாள் என்று என்னை இந்தப் பட்டறைக்குக் கூட்டிவந்தவரும் அவர்தான்.

செல்வி பேனாவை வாங்கி, கையெழுத்திடாமல் என்னைப் பார்க்கிறாள். "அண்ணாச்சி, நீங்க அங்கேருந்துதான வாரிய. ரயில் வண்டி அங்க நிக்குமா?"

மேசைக்கடியில் தரகர் என் காலை மிதிக்கிறார்.

"போகும்மா. நிக்காது," என்கிறேன்.

"ஸ்டாப் சீக்கிரம் வந்துரும்," என்கிறார் தரகர்.

செல்வி பேனாவை மூடுகிறாள். "ஃபாஸ்ட் லோக்கல் ரயிலும் இந்தப் பக்கத்து மாட்டுங்கா ஸ்டேசன் வழியாத்தான் போவுது. இருவது வருசமா பாக்கேன். ஒருநாளும் ஏறுனதில்ல."