அறை வெப்பத்தில் ஒரு காந்தம்

உதவித்தொகை நின்று, ஆய்வேட்டையும் சமர்ப்பித்துவிட்டு, வாய்மொழித் தேர்வுக்காகக் காத்திருந்தபோதுதான் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். போனுக்குள் வைக்கும் கேமராக்களைச் சோதிக்கும் வேலை. ஆராய்ச்சி செய்தவள் என்றால் எடுக்கமாட்டார்கள் என்று பயந்து, விண்ணப்பத்தில் படிப்பை எம்.எஸ்சி.யோடு நிறுத்திக்கொண்டேன். நடுவில் ஐந்து வருடம் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். இரண்டு வருடம் விலகமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அந்த ஐந்து வருடமும் காந்தத் தன்மையுள்ள குறைகடத்திப் படலங்களோடு கழிந்தவை. சில அணு அடுக்குகள்தான் கனம். தனியாக நிற்காது, ஒரு படிகத்தின் மேல்தான் வளர்க்க வேண்டும். அடியில் உள்ள படிகத்தில் அணுக்கள் எவ்வளவு இடைவெளியில் இருக்கின்றனவோ, படலமும் அதற்கேற்ப நெருங்கியோ இழுபட்டோ உட்கார வேண்டும். நெருக்கினால் அதன் காந்தத் திசை படலத்தோடு படுத்துவிடும். இழுத்தால் செங்குத்தாக எழுந்து நிற்கும். எல்லாமே கடுங்குளிரில்தான். குளிர் குறைந்தால் காந்தமே போய்விடும். ஆனால் நான் வளர்த்ததிலேயே மிக மெல்லிய, நன்றாக இழுபட்ட ஒரு படலத்தில், அறை வெப்பத்திலும் கொஞ்சம் காந்தம் மிஞ்சியது. பேராசிரியர் ஆய்வகத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். கட்டுரை வெளிவந்தது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமும் அதுதான்.

நான் தங்கியிருந்த இருங்காட்டுக்கோட்டையில் என்னோடு அறையில் இருந்த பெண் காஞ்சிபுரம் பக்கத்துக்காரி. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், தொழிற்சாலையிலும் என் லைனிலேயே எனக்கு முன்பே சேர்ந்தவள். ஒருநாள் அவசரத்தில் மெயின்டனன்ஸ் மேசையிலிருந்த ட்வீசரை, அந்தச் சின்ன இடுக்கியை, எடுத்து ஒரு கேமராவைத் தூக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டாள்.

"இன்னாக்கா பண்ற? அது ஸ்டீலு. அத்த வெச்சிக்கினு தொடாத."

"ஏன், கீறல் விழுமா?"

"கீறல் இல்லக்கா. ஸ்டீலு பட்ட எடத்துல கண்ணுக்கே தெரியாத பொடி ஒட்டிக்கும். கேமரா உள்ள காந்தம் கீதுல்ல, அத்தோட சேந்துக்கினு வேலைய கெடுத்துடும். போன வருசம் ஒரு ட்ரே முழுக்க ரிஜெக்ட். அப்பாலதான் பிளாஸ்டிக்ல குடுத்தாங்கோ."

அவள் திரும்பி வேலையைப் பார்த்தாள். நான் கையிலிருந்த ட்வீசரைப் பார்த்தேன். ஆய்வகத்தில் என் படலங்களை எல்லாம் நான் எஃகு ட்வீசரால்தான் பிடித்திருந்தேன்.

அடுத்த வார விடுமுறையில் சென்னையில் என் பழைய ஆய்வகத்துக்குப் போனேன். படலமே இல்லாத வெறும் படிகத் துண்டு ஒன்றின் ஓரத்தைப் பழைய ட்வீசரால் கவ்விவிட்டு அளந்தேன். அறை வெப்பத்தில் காந்தம் இருந்தது. பிளாஸ்டிக்கால் பிடித்த துண்டில் இல்லை. கடைசியாக, என் படலத்தின் ஓரங்களை உடைத்து நீக்கிவிட்டு நடுத்துண்டை மட்டும் வைத்தேன். குளிரில் காந்தம் பழையபடி செங்குத்தாக நின்றது. அறை வெப்பத்தில் ஒன்றுமில்லை. அங்கே மிஞ்சியிருந்த காந்தம் எஃகுப் பொடியினுடையது.

பேராசிரியரிடம் மூன்று வரைபடங்களையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"ஆய்வேடு எக்ஸாமினருக்குப் போயாச்சும்மா. வைவா முடியட்டும். கேட்டா பதில் சொல்லிக்கலாம்."

"கேக்கலைன்னா, சார்?"

"உனக்கு டிகிரி வேணுமா, வேணாமா?"

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நான் வரைபடங்களை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன்.

பிறகு நான்கு மாதம். கம்பெனி பஸ், நுழைவாயிலில் சோதனை, போனை லாக்கரில் வைப்பது, லைன், மறுபடி பஸ். ஓரகடம் சாலையில் லாரிகளுக்கு நடுவே பஸ் நிற்கும்போதெல்லாம், இறங்கி எங்காவது நடந்துவிடலாமா என்றிருக்கும். எங்கே போவது? தொழிற்சாலையில் ஐந்து வருடத்தை மறைத்திருந்தேன், பல்கலைக்கழகத்தில் மறுபடி அளந்த அந்த ஒரே ஒரு நாளை. இரண்டு இடத்திலும் வாயைத் திறந்தால் இருப்பதும் போய்விடும்.

தேர்வுத் தேதி வந்தது. சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன், அதே அம்மாவைச் சொல்லி.

"மறுபடியும் அம்மாவா? ஓவர்டைம் வீக்ல லீவு கெடையாதும்மா."

ஒரு பரீட்சை என்று மட்டும் சொன்னதும், அறைத்தோழிதான் தன் வார விடுமுறையை எனக்கு மாற்றிக் கொடுத்தாள்.

வெளியூர்த் தேர்வாளர் திரையில் இருந்தார். படலத்தின் இழுவை பற்றி நிறையக் கேட்டார், சொன்னேன். கடைசி அத்தியாயத்தைப் பாராட்டினார், கேள்வி எதுவும் கேட்கவில்லை. "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்றார். அது ஒரு சம்பிரதாயக் கேள்வி. பேராசிரியர் கோப்பை மூடிக்கொண்டிருந்தார்.

"கடைசி அத்தியாயம் தப்பு, சார்," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இது உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

"நாலு மாசமாத் தெரியும்."

அவர் எழுதிக்கொண்டார். பேராசிரியர் தலையை நிமிர்த்தவே இல்லை. அத்தியாயத்தை நீக்கி, மற்றதைத் திருத்தி, மறுபடி சமர்ப்பிக்க வேண்டும் என்று முடிவானது.

அறைக்கு வந்ததும் அவள் கேட்டாள். "பாஸாக்கா?"

முழுக்கதையையும் அன்றுதான் அவளிடம் சொன்னேன். கேட்டு முடித்தவள் முகம் சுருங்கிவிட்டது.

"அப்போ நான் சொன்னதாலதான் போச்சா? நான் வாயத் தொறக்காமயே இருந்திருக்கலாம்."

"இல்ல" என்றேன். உடனே சொல்ல வரவில்லை. அந்த இடைவெளியை அவள் கவனித்திருப்பாள் என்று நினைக்கிறேன். எழுந்துபோய் எனக்கும் சேர்த்துச் சோறு போட்டாள்.

திருத்திக் கொடுத்து, பட்டம் வர ஒரு வருடம் ஆனது. பேராசிரியர் வெளிவந்த கட்டுரையை இதழிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன்பின் அவர் என்னிடம் போனில் பேசவில்லை, மின்னஞ்சலில் ஒற்றை வரிப் பதில்கள்தான். லைனில் அறைத்தோழியைத் தவிர இன்னும் யாருக்கும் தெரியாது. வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு நேர்காணலில், திரும்பப் பெற்ற கட்டுரை உங்களுடையதுதானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அவர்களிடமிருந்து இதுவரை பதில் வரவில்லை.