தலைவர் அண்ணிக்கு ஆகாதது

எங்கள் வட்டத்தில் பி-ஷியா வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தலைவர் அண்ணி வீடு என்று கேட்டால் தெருநாய்கூட வழிகாட்டும். என் காலைச் சிற்றுண்டிக் கடைக்கு நேர் எதிரில்தான் வட்டத் தலைவர் அலுவலகம். முட்டை ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பல வருஷமாக அவளைப் பார்த்து வருகிறேன். அவள் முகத்துச் சோர்வு எனக்கு அந்த அலுவலகத்துப் பெயர்ப்பலகை மாதிரி ஆகிவிட்டது. தினமும் கண்ணில் படுவதை யார் வாசிக்கிறார்கள்?

தலைவரான அவள் கணவர் லியாவ் நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. எங்கள் காவ்சியுங் நகரத்தில் புயல் அடித்தால் மேயருக்கு முன்னால் எங்கள் சாக்கடைக்கு வந்து நிற்பார். ஆனால் முகமும் பெயரும் அவர் மண்டையில் தங்காது. தேர்தலில் முதல் தடவை ஜெயித்த வருஷம், சாய் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாவின் சாவுக்கு அவரே வெள்ளை உறையில் சாவுப் பணத்தோடு போய்க் கும்பிட்டு வந்து நூறு நாள்கூட ஆகவில்லை. சாய் குடும்பத்து ஓட்டு அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தோடு போயிற்று.

அதற்குப் பிறகுதான் பி-ஷியா கைப்பேசியில் எழுதத் தொடங்கினாள். கல்யாணப் பந்தல், சாவுப் பந்தல், கோயில் விருந்து, குப்பை வண்டிக்குக் காத்திருக்கும் மூலை, எங்கே யாரைப் பார்த்தாலும் வீடு திரும்பியதும் கட்டைவிரலால் குத்திக்கொண்டிருப்பாள். இன்னார், முழங்கால் வலி, மகன் ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கிறான், மருமகள் பேச்சை எடுக்கக் கூடாது. இன்னார், மாட்டிறைச்சி தொடமாட்டார், மூத்த பெண் ஆசிரியை. எங்கே போனாலும் கணவருக்கு அரையடி பின்னால் நின்று காதில் ஓதுவாள். அவர் உடனே உரத்த குரலில், “ஆசிரியைப் பொண்ணு எப்படி இருக்கா?” என்பார். கேட்டவர்கள் உருகிப்போவார்கள். தலைவருக்கு என்ன ஞாபகம், என்ன ஞாபகம் என்று ஊரே மெச்சியது. உழுதது ஒரு மாடு, கொம்பில் பூச்சுற்றியது இன்னொரு மாட்டுக்கு.

என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ‘கடைக்காரி. வாய் நீளம். கூட்டம் குறைந்த பிறகு போகவும்.’ கோபம் வந்தது. பொய் ஒன்றும் இல்லையே என்பதால் விட்டுவிட்டேன்.

போன ஆகஸ்டில் அவளுடைய முழங்காலே போய்விட்டது. பந்தல் பந்தலாக நின்ற கால்தானே. அறுவைச் சிகிச்சை முடிந்ததும் ஊரே ஆஸ்பத்திரிக்குத் திரண்டு போயிற்று, ஆளுக்கொரு மீன் சூப்போடு. காயம் ஆறுவதற்கு மீன் சூப்பை விட்டால் எங்களுக்கு வேறு மருந்து தெரியாது. நானும் இஞ்சி தட்டிப் போட்டு ஒரு தூக்கு எடுத்துப் போனேன். அவள் நன்றி சொல்லிவிட்டு, கைப்பேசிக்கு நீட்டுகிற மாதிரி கையை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டாள். கைப்பேசி லியாவிடம் இருந்தது. அது இல்லாமல் அவர் ஒரு சாவுக்குக்கூடப் போக முடியாதே.

நான் உட்கார்ந்திருக்கும்போதே அவர் வந்தார். வந்தவர் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார், அதை மறுக்கவில்லை. அடுத்த மூச்சில், காலையில் சாவுவீட்டில் தொப்பி போட்ட ஒருவர் தோளைத் தட்டினாரே, யார் அது, குறிப்பில் எப்படித் தேடுவது என்றார். கடைசியில், வெள்ளிக்கிழமையோடு வேட்பு மனுவுக்கு நாள் முடிகிறது, இன்னும் ஒரே ஒரு தடவை நின்றுவிடலாம் என்றார். போன தடவையும் இதே ஒரே ஒரு தடவைதான்.

பி-ஷியா கண்ணை மூடிக்கொண்டு பேசினாள்.

“நான் ஒண்ணு கேக்கறேன். எனக்கு ஆகாத சாப்பாடு எது? சரியாச் சொல்லிட்டீங்கன்னா இன்னும் நாலு வருஷம் உங்க பின்னாடி நிக்கிறேன். தப்பாச் சொன்னா மனு குடுக்கக் கூடாது.”

“இதென்ன, டிவில வர்ற போட்டியா?” என்று அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. நாளைக்குச் சொன்னால் போதும் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை, கூட்டம் இருக்கும்போதே கடைக்கு ஓடி வந்தார். கைப்பேசியில் ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், அவள் பெயரில் மட்டும் எதுவும் இல்லையாம். “அக்கா, நீங்க தினமும் பாக்கறீங்க. அவ எதைத் தொடமாட்டா?” அவர் எதைத் தின்பார் என்று எனக்கு மனப்பாடம். வெங்காயம் கூட, மிளகு குறைவு. அவள்தான் தினமும் வந்து சொல்லி வாங்கிப் போவாள். தனக்கென்று அவள் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அந்த இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் இன்னும் ஏழெட்டுப் பேருக்குப் போன் போட்டார். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவள் தங்கை, சின்ன வயதில் பாகற்காய் என்றால் அழுவாள் என்று சொன்னாளாம்.

என்ன நடக்கிறது என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு அவருடன் போனேன். கையில் ஒரு தூக்கு வேறு வைத்திருந்தார், வழியில் வாங்கிய மீன் சூப். கட்டிலருகே போய், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து, “பாகற்காய்” என்றார்.

அடுத்த கட்டிலில் இடுப்பு உடைந்து கிடந்த குவோ என்கிற அம்மாள்தான் சிரித்தாள். வந்து மூன்று நாள்தான் ஆகிறது, நல்ல வாயாடி, எனக்கு இணை.

“பாகற்காயா? நேத்து என் தட்டுல இருந்ததையும் சேத்துத் தின்னாங்களே. அவங்களுக்கு ஆகாதது மீனு, தம்பி. இங்க வந்த சூப் அத்தனையும் என் வயித்துலதான் இருக்கு. அதையும் இப்படிக் குடுங்க, ஆறிடப் போகுது.”

லியாவ் தூக்கைப் பிடித்தபடியே நின்றார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பி-ஷியா மீன் பண்ணை வீட்டுப் பெண். பள்ளிக்கூடம் போகுமுன் கூடை கூடையாக மீன் கழுவி வளர்ந்தவள். அதனாலேயே மீன் என்றால் அவளுக்கு உயிர் என்று நினைத்து, ஒவ்வொரு விருந்திலும் லியாவ், மீனின் கொழுத்த வயிற்றுத் துண்டை அவள் கிண்ணத்தில் எடுத்து வைப்பார். மனைவிமேல் என்ன ஆசை பாருங்கள் என்று மேசையே சொல்லும். அவள் அதைச் சத்தமில்லாமல் பக்கத்துக் கிண்ணத்துக்குத் தள்ளிவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து அதை வழித்துத் தின்றவள் நான்தான். தாராள மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“சொல்லியிருக்கலாமே” என்றார் அவர், தணிந்த குரலில்.

“நீங்க கேக்கலையே. ஊர்ல யாருக்கு என்ன ஆகாதுன்னுதானே என்னைக் கேப்பீங்க.”

அவர் மனுக் கொடுக்கவில்லை. கொடுத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். தலைவர் அண்ணிக்கு முழங்கால் சரியில்லை, அதனால்தான் என்று ஊர் பேசிக்கொண்டது. நானும் அப்படியே சொல்லிவைத்தேன்.

டிசம்பர் கடைசியில் பொறுப்பை ஒப்படைத்த மறுநாள் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். அவள் என் கடையில் உட்கார்ந்து சாப்பிட வந்தது அதுவே முதல் தடவை. லியாவ் தன் கைப்பேசியை எடுத்து மேசையில் வைத்தார். அதில் ஒரே ஒரு குறிப்பு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியது. மேலே பி-ஷியா என்று இருந்தது, தலைவர் அண்ணி என்று இல்லை. கீழே, மீன் ஆகாது.

“பிடிச்சது என்னன்னு சொல்லு, எழுதிக்கறேன்” என்றார். நானும் கரண்டியோடு வந்து நின்றேன், எதைக் கேட்டாலும் போட்டுத் தருவதற்கு.

அவள் சுவரில் மாட்டியிருந்த விலைப்பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். பிறகு கீழிருந்து மேலே படித்தாள்.

“தெரியலையே” என்றாள்.