சாக்குத் துணியில் ஓர் அஜந்தா

மழையில் நனைந்த சாக்கின் வாடை எங்கே வந்தாலும் எனக்குள் ஒரு குகை திறந்துகொள்ளும்.

தேனி தனி மாவட்டமாகி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. சின்னமனூரில் ஏழாம் வகுப்பு படித்தேன். பள்ளிக் கண்காட்சிக்கு அஜந்தா குகை செய்வதாக நானே வாயைக் கொடுத்து மாட்டியிருந்தேன். படங்களை மாணவர்களே வரைய வேண்டும் என்பது விதி. நான் வாழைப்பழம் வரைந்தால் அது படகாகிவிடும்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, கம்பத்திலிருந்து வந்தாள். ஓவிய ஆசிரியர் பரீட்சை தேறி, எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டு ஆறு வருடமாக வேலைக்குக் காத்திருந்தவள். குகைச் சுவருக்காக ஏலக்காய்ச் சாக்குகளைப் பிரித்துத் தைத்தாள். புளியங்கொட்டைப் பசையில் களிமண்ணைக் குழைத்து அதன்மேல் பூசினாள். மஞ்சள், செங்கல் பொடி, அடுப்புக்கரி, அவ்வளவுதான் வர்ணம்.

புத்தரின் முற்பிறவிக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டோம். அரசனின் வில்லாளிகளிடமிருந்து தன் கூட்டம் தப்பிக்க, குரங்கு ராஜா ஆற்றின் குறுக்கே தன் உடம்பையே பாலமாக நீட்டுகிறது. முதுகை மிதித்துக்கொண்டு எல்லாக் குரங்குகளும் அக்கரை போகின்றன. கதையில் குரங்குகள் பழம் தின்னும் மரம் மாமரம். சித்தி எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் திராட்சைப் பந்தலை வரைந்தாள். ஏனென்று கேட்டால், நம்மூர்க் குரங்கு மாம்பழத்துக்கா கல்லடி வாங்குது என்றாள்.

நடுவராக வந்தவர் ஒரு தனியார் பள்ளியின் தலைமையாசிரியர். நான் மூச்சுவிடாமல் கதையை ஒப்பித்தேன். அவர் காது என்னிடம் இல்லை. அந்த முதுகின் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கத்தில் நின்ற சித்தியிடம் திரும்பினார்.

"இது பிள்ளை கை இல்லையே. பெரியவுக யாரும் வரைஞ்சிருந்தா தயங்காமச் சொல்லுங்க. பரிசு போயிரும். ஆனா எங்க பள்ளிக்கூடத்துக்கு இப்பிடி ஒரு ட்ராயிங் டீச்சரைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்தி ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். மஞ்சளும் கரியும் ஏறிய விரல்களை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"பிள்ளதான் சார் வரைஞ்சா. நான் பசை காய்ச்சிக் குடுத்தேன்."

முதல் பரிசு. அவளை அப்படியே விட்டுவிட்டு, தோழிகளிடம் கப்பைக் காட்ட ஓடினேன். இன்று யார் என்னைப் புகழ்ந்தாலும், மனசு முதலில் கும்பிடுவது முந்தானைக்குள் போன அந்த விரல்களைத்தான்.

சாயங்காலம் கம்பம் பஸ்ஸில் அவளை ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளிடம், அந்த சார் சொன்ன வேலை நான் பெரியவளாகும்வரை காலியாக இருக்குமா என்று கேட்டேன். வண்டி நகர ஆரம்பித்திருந்தது. ஜன்னல் வழியே கை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள்.

"இருக்கும் ஆத்தா. அதுக்கு யாரும் போயிர மாட்டாக."