ஹட்டனில் வீட்டுக்கடன் கேட்டேன்

இன்று காலை மனைவியோடு ஹட்டன் வங்கிக்குப் போனேன். அப்பாவுக்கு இந்த மாதத்தோடு தேயிலைத் தோட்டத்தில் வேலை முடிகிறது. அதன் பிறகு நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பரா என்ற ஒற்றை அறையைத் தோட்டத் துரையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். டவுனில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருக்கிறது. அதையே ஈடாக எழுதித் தருவதாகச் சொல்லிக் கடன் கேட்டேன்.

கடன் பிரிவு அதிகாரி மிகவும் மரியாதையானவர். நான் பள்ளிக்கூட வாத்தியார் என்றதும் உட்காரச் சொன்னார்.

“மாஸ்டருக்குச் சொந்த ஊர் எது?”

“டிக்கோயாங்க.”

“அது வேலை பாக்குற ஊர். சொந்த ஊரைக் கேட்டேன்.”

“பொறந்ததும் டிக்கோயாதாங்க. அப்பாவும் அங்கதான் பொறந்தாங்க.”

“தாத்தா?”

“திருச்சிப் பக்கம்.”

அவர் முகம் தெளிந்தது. திருச்சி என்று எழுதிக்கொண்டார்.

“இலங்கைப் பிரஜாவுரிமை?”

“மனுப் போட்டிருக்கோம். இன்னும் பதில் வரல.”

“அப்ப எப்படி மாஸ்டர்? கடனை வாங்கிட்டு நீங்க இந்தியாவுக்குக் கப்பல் ஏறிட்டா?”

“ஏறினாலும் வீடு இங்கதானே இருக்கும்? நீங்க எடுத்துக்கலாமே.”

என் மனைவி, “நாங்களா எங்கங்க ஏறப்போறோம்? நீங்க ஏத்திவிட்டாத்தான் உண்டு,” என்றாள்.

அதிகாரி சிரித்தார். பிரஜாவுரிமைப் பத்திரத்தோடு வரச் சொன்னார்.

போன மாதம்தான் பிரஜாவுரிமைக் கந்தோரில் அதிகாரிகள் எங்கள் மனுவை விசாரித்தார்கள். இந்த நாட்டிலேயே நிலையாக இருக்கப் போகிறவன் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். சொந்த வீடு உண்டா என்றார்கள். இல்லை என்றதும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

வீடு இருந்தால் பிரஜை, பிரஜையானால் வீடு. அரசாங்கமும் வங்கியும் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பது நாட்டுக்கு நல்லதுதான்.

அப்பா சட்டி பானைகளைக் கட்டத் தொடங்கிவிட்டார். எங்கே இறக்குவது என்று நீங்களே சொல்லுங்கள். வங்கியின் விறாந்தை பெரியது. கந்தோர் விறாந்தையில் தூவானம் அடிக்காது.