உசேன் பயில்வானின் குராக்கு

காறை எலும்பு ஒடிந்து உசேன் எங்கள் டிஸ்பென்சரிக்கு வந்தபோது கூடவே ஒரு கூட்டமும் வந்தது. பயில்வானுக்கு அடிபட்டால் அப்படித்தான். ராயபுரத்தில் பிரசவத்துக்குக்கூட அத்தனை பேர் வர மாட்டார்கள். டாக்டர் தோளை இழுத்துப் பிடிக்க, நர்ஸான நான் துணிக்கட்டுப் போட்டேன். கட்டின் மேல் முட்டை வெண்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பத்துப் போடலாமா என்று வெளியே நின்றவர்கள் கேட்டார்கள். போட்டால் அரிக்கும், எறும்பு வரும் என்றேன். வீட்டுக்குப் போனதும் போட்டார்கள். எறும்பும் வந்தது.

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத வருஷங்கள் அவை. உசேன் பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்குவான். சாயங்காலம் தண்டையார்பேட்டையில் கலீலுல்லா பாயின் தோல் மண்டிக்குப் பின்னால் இருந்த கோதாவில் குஸ்தி போடுவான். அந்தக் கோதாவுக்கு எல்லாச் செலவும் பாய்தான். பயில்வான்களுக்குத் தினமும் பால், பாதாம், நெய், ஆட்டுக்கால் பாயா என்று அவர் போட்ட தீனிக்குக் குராக்கு என்று பெயர்.

குராக்குக்குச் சட்டம் உண்டு. உடம்பு நன்றாக இருப்பவன் கோதா ஓரத்தில் உட்கார்ந்து, குஸ்தி கற்றுக்கொடுக்கும் உஸ்தாத் கண்ணெதிரே சாப்பிட வேண்டும்; வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. எடுத்துப் போனால் ஏழை வீட்டில் அது யார் வாயில் போய்ச் சேரும் என்று உஸ்தாதுக்குத் தெரியும். அடிபட்டவன் மட்டும் கோதா ஓரம் வரக் கூடாது. அவனைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கை தளரும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் அவன் பங்கு இரண்டு மடங்காக வீடு தேடி வரும். சிவப்புத் துணி மூடிய பானையைத் தலையில் வைத்து, பெரிய தெரு வழியாக, நாலு பேர் பார்க்கும்படி கொண்டு வருவார்கள். அவன் மறுபடி கோதாவில் இறங்கும் வரைக்கும், அல்லது இனி முடியாது என்று அவனே சொல்லும் வரைக்கும் அது நிற்காது.

உசேனின் மனைவி ரஹீமுன்னிசாவுக்கு நெஞ்சில் டி.பி. அவளையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிய ஊசி மருந்து அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. எங்கள் டிஸ்பென்சரிக்கு வருவதற்குள் தீர்ந்துவிடும். மற்றபடி ஓய்வு, பால், முட்டை, காற்று என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். காற்று இலவசம். கடற்கரைப் பக்கம் இருந்ததால் அது தாராளமாகக் கிடைத்தது. மீதியை எங்கே போய் வாங்குவாள்?

கட்டு மாற்றவும் அவளைப் பார்க்கவும் ஒரே நடையாக அந்த வீட்டுக்குப் போவேன். இருமித் துப்பத் தனி டப்பா, அதில் பினாயில், தனித் தம்ளர் எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தேன், சரியாகச் செய்தார்கள். சில வாரங்களில் அவள் கன்னத்தில் சதை வைத்தது. சாயங்காலக் காய்ச்சல் விட்டது. உசேனுக்கோ விலா எலும்பு தெரிந்தது. எலும்பு கூடியிருக்க வேண்டிய இடத்தில் விரல் வைத்தால் இன்னும் அசைந்தது.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம். பிரண்டைத் துவையல் எலும்பை ஒட்டும் என்றார்கள். நாக்கு அரிக்கும் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். மீனவர் ஒருவர் சுறா எண்ணெய் கொடுத்தனுப்பினார். அது நல்ல பொருள். எண்ணெய்க் குப்பி ரஹீமுன்னிசாவின் தலைமாட்டில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

உசேனை வாசலுக்கு அழைத்துக் கேட்டேன். அவன் மழுப்பவில்லை.

"பாயாவ நான் துண்ணா எலும்பு கூடும், நர்சம்மா. எலும்பு கூடுனா குஸ்தி. குஸ்தின்னா குராக்கு வூட்டுக்கு வராது. அப்புறம் இவளுக்கு இன்னா கீது? கஞ்சித் தண்ணி."

கோதாவிலும் தனக்குச் சாப்பாடு போடுகிறார்கள், இது உனக்கென்றே வருவது என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தான். அவன் வயிற்றுக்கு மண்டி வாசலில் காவல் உட்கார்ந்து கிடைத்த கூலியில் டீயும் பொறையும். அவளை எழுந்திருக்க விடாமல் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்ததும் அதே உடைந்த தோளால்தான். எலும்பு எப்படிக் கூடும்?

அந்தச் சமயத்தில், நாலு மாதம் கழித்து ஒரு பெரிய பந்தயம் என்று முடிவாயிற்று. உசேன் இறங்குவானா என்று பாய்க்குத் தெரிய வேண்டும். இறங்க மாட்டானென்றால் சௌக்கத் அலி என்ற வேறொரு பயில்வானைத் தயார் செய்ய வேண்டும். குராக்கும் அவனுக்குப் போகும். தோளுக்கு இன்னும் இரண்டு மாதம் வேண்டும் என்று பாயிடம் சொல்லச் சொல்லி உசேன் என்னைக் கேட்டான். ரஹீமுன்னிசாவுக்கு அந்த இரண்டு மாதம் போதும் என்று அவன் கணக்கு. அவள் நோய்க்கு இரண்டு மாதம் போதாது. நான் அதைச் சொல்லவில்லை. தோள் கூடவில்லை என்பது நிஜம்தானே, அதைச் சொல்கிறேன் என்றேன்.

சொன்னேன். பாய் நம்பினார். நம்பியதால் கவலைப்பட்டு, உஸ்தாதையும் கூட்டிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். நானும் அப்போது அங்கே இருந்தேன். உஸ்தாத் உசேனின் சட்டையைக் கழற்றச் சொன்னார். தோளைத் தொடவே இல்லை. விலாவைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"நம்ம குராக்க யார்டா துண்றது?" என்றார்.

உள்ளே கட்டிலில் இருந்த ரஹீமுன்னிசா கையில் பால் தம்ளர். அதைக் கீழே வைத்தாள். மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினாள். அப்புறம் முக்காட்டை இழுத்துக்கொண்டு, நான்தான் சாப்பிட்டேன், அது இவர் பங்கு என்று எனக்குத் தெரியாது என்றாள். இனிமேல் தொட மாட்டேன் என்றும் சொன்னாள்.

பாய் கெட்ட மனிதர் இல்லை. கோபப்படவும் இல்லை. ஆனால் குராக்கு கோதாவின் சொத்து, அதை மாற்ற அவராலும் முடியாது என்றார். நோயாளிக்குப் பாலும் பாயாவும் தன் சமையற்கட்டிலிருந்து தருமமாகக் கொடுப்பதாகச் சொன்னார். அவர் வீட்டுப் பின்சந்து வாசலில் தினமும் ஏழைகளுக்குக் கொடுப்பார்கள்; அங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம்.

உசேன் முகம் கறுத்துவிட்டது. பயில்வான் குராக்கு வாங்குவான், தருமம் வாங்க மாட்டான் என்றான். அதே மாடு, அதே பால் என்றேன் நான். எனக்கு இதெல்லாம் அலுப்பாக இருந்தது. அன்று இன்னும் நாலு வீடு பார்க்க வேண்டியிருந்தது. வேண்டாம் என்று அவன் வாயைத் திறப்பதற்குள் ரஹீமுன்னிசா பேசினாள்.

"நோவு எனக்கு. தர்மமும் எனக்குத்தான் குடுக்கறாங்க. நான் வாங்கிக்கறேன். நீ வேணாம்னு சொல்றதுக்கு இன்னா கீது அதுல?"

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீயும் பாதி துண்ணணும். இல்லன்னா நானும் துண்ண மாட்டேன்" என்றாள்.

பாய் சரி என்று தலையாட்டினார். உஸ்தாத் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். தருமச் சோறு தின்பவன் இனி கோதாவில் இறங்க மாட்டான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து சிவப்புத் துணிப் பானை அந்த வீட்டுக்கு வரவில்லை; அந்தப் பங்கு கோதா ஓரத்தில் சௌக்கத் அலிக்குப் போனது.

அவளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அதனால் பின்சந்துக்கு உசேன்தான் போனான். மண்டிக் காவல் முடிந்ததும் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு கிழவிகளோடும் நொண்டிகளோடும் வரிசையில் நிற்பான். முதல் நாள் ஒருத்தி, "இன்னா பயில்வான், கோதா மாறிப் போச்சா?" என்று கேட்டாளாம். வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்ததாக அவனே சொன்னான்.

எலும்பு கூடியது, கோணலாக. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. மூட்டை வேலையும் போயிற்று. காவல் வேலையே நிலைத்தது.

மழைக்காலம் முடிந்து ரஹீமுன்னிசாவின் சளியைப் பரிசோதித்தோம். கிருமி இல்லை. அதைச் சொல்ல அவனை டிஸ்பென்சரிக்கு வரச் சொன்னேன். தூக்கோடு வந்து நின்றான். கேட்டுவிட்டுத் தூக்கைக் கீழே வைத்தான்.

"அப்ப இனிமே அங்க போய் நிக்க வேணாம், இல்ல?"

கிருமி இல்லையென்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அரைகுறையாக விட்டால் திரும்பி வரும் என்று விளக்கினேன். இன்னும் ஒரு வருஷமாவது நன்றாகச் சாப்பிட வேண்டும்.

"ஒரு வருஷம்" என்றான்.

"குறைந்தது" என்றேன்.

சரி நர்சம்மா என்றான். நேரமாகிவிட்டால் பின்சந்தில் பால் தீர்ந்துவிடும் என்று சொல்லி, நல்ல கையில் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.